யார், என்றைக்கு, ஏன், எதுவரை

அலுவலகத்தில் என்னை வாட்ச்மேன் அக்கா என்பார்கள். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால்தான். இருந்தாலும் என் காதுக்கு வந்துவிட்டது. முந்நூறு கம்ப்யூட்டர்கள் இருக்கிற அந்தக் கட்டடத்திலிருந்து எது வெளியே போகலாம், எது உள்ளே வரலாம் என்று ஃபயர்வாலில் எழுதிவைப்பது என் வேலை. எதையாவது தடுக்க வேண்டுமென்றால் ஒரு விதி போட வேண்டும். விதி போட்டால் அதனோடு வருகிற குறிப்புப் பெட்டியில் நான்கு விஷயங்கள் இருந்தாக வேண்டும்: யார் போட்டது, என்றைக்கு, ஏன், எதுவரை. இது நான் கொண்டுவந்த சட்டம். 'ஏன்' என்ற இடத்தில் 'தேவைப்பட்டது' என்று எழுதிய ஒருவரை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கிழித்திருக்கிறேன்.

"தேவைப்பட்டதுன்னா என்ன அர்த்தம்? ஆறு மாசம் கழிச்சு யாராவது திறந்து பாத்தா புரியவேண்டாமா? உண்மையான காரணத்த எழுதுங்க."

அவர் வயிறெரிந்து சபித்திருக்க வேண்டும். பலித்துவிட்டது.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்குப் பத்து வருடமாகக் காது கேட்காது. கருவி வாங்கி மாட்டிப் பார்த்தோம். "தகர டப்பாவ உருட்டற சத்தம்தான் வருது" என்று கழற்றி அலமாரியில் போட்டுவிட்டாள். எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள். நேராக உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் ஒரு வார்த்தை தப்பாது. வாசல் மணியை அழுத்தினால் கூடத்தில் ஒரு பல்பு மின்னும்படி நான்தான் வயர் இழுத்துக் கொடுத்தேன். வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பல்பைக் காட்டுவேன். நல்ல பெண் என்பதற்கு என்னிடம் இருந்த சான்றிதழ் அது.

என் தங்கை கடல் கடந்து போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். தினமும் மாலை நான்கு மணிக்கு, அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், கூடத்துக் கம்ப்யூட்டரில் வீடியோவில் வருவாள். போனில் பேசினால் அம்மாவுக்குப் பிரயோஜனம் இல்லை. பெரிய திரையில் சின்னவளின் முகம் நிஜ அளவுக்குத் தெரிந்தால்தான் பேச்சு. அம்மாவுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் அமுக்கத் தெரிந்தது இரண்டே படம்: ஒன்று சின்னவள் வருகிற படம், இன்னொன்று சீட்டாட்டம்.

ஒரு நாள் தலைவலி என்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து திரையோடு பேசிக்கொண்டிருந்தாள். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. தெருவுக்கே கேட்கும்.

"அவகிட்ட நாலு வார்த்தை பேசலாம்னா மூஞ்சியே காட்ட மாட்டேங்கறாடி. ஷூவ கழட்டிக்கிட்டே பேசறா. ஃபிரிட்ஜுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு பேசறா. நான் என்னத்த கண்டேன்? நீ இருந்தா எதிர்ல உக்காந்து பேசுவ."

சின்னவள் சிரித்தாள். "அக்கா எப்பவுமே அப்படித்தாம்மா. அவளுக்கு எல்லாரும் கம்ப்யூட்டர்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரிடம் கூட்டிப்போவது நான், மாத்திரையை எண்ணி வைப்பது நான், குளியலறையில் வழுக்காத பாய் போட்டது நான். அவள் தினம் அரைமணி நேரம் பல்லைக் காட்டிவிட்டுப் போவாள், அவள் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவள் ஆகிவிடுவாள். இதில் அம்மா சொன்னது உண்மை என்பது கோபத்தை இன்னும் கிளறியது. நான் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு சொல்கிறவை அம்மா பார்க்கக் கூடாத வார்த்தைகளாகவும் சில நேரம் இருக்கும்.

அன்று மாலை அம்மா துணி மடிக்கப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்த வீடியோ புரோகிராம் மட்டும் வெளியே போக முடியாதபடி ஃபயர்வாலில் ஒரு விதி போட்டேன். இரண்டு நிமிட வேலை. குறிப்புப் பெட்டி வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் யார் அதை நிரப்பப் போகிறார்கள்? என் விரல்கள் நிரப்பின. யார்: நான். என்றைக்கு: அன்றைய தேதி. ஏன்: அம்மா என்னைப் பற்றி அவளிடம் குறை சொல்கிறாள். எதுவரை: ஒரு வாரம். எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

மறுநாள் நான் வரும்போது அம்மா வாசலிலேயே நின்றாள். "சின்னவ வரல. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. அப்பறம் இணைப்பு இல்லேங்குது."

"பாக்கறேன்" என்றேன்.

பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் புகுந்து ரூட்டரின் வயரைப் பிடுங்கினேன், முப்பது எண்ணினேன், திரும்பச் சொருகினேன். அம்மா பக்கத்தில் குத்துக்காலிட்டு டார்ச் பிடித்தாள். ரூட்டரில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உதட்டைப் பிதுக்கினேன். வெளியே வந்ததும் அம்மா என் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"பாவம், ஆபீஸ்லயும் இதே வேலை, வீட்டுக்கு வந்தா இங்கயும் இதே வேலை உனக்கு."

இந்தக் கூத்தை அந்த வாரத்தில் மூன்று முறை நடத்தினேன். மூன்று முறையும் அம்மாதான் டார்ச்.

ஒரு வாரம் முடிந்தது. விதியை எடுத்திருக்கலாம். எடுக்காததற்குக் காரணம் கோபம் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். கோபம் இரண்டாவது நாளே தணிந்துவிட்டது. அந்த ஒரு வாரத்தில் அம்மா முழுக்க எனக்குக் கிடைத்தாள், அதுதான் காரணம். பேச வேறு ஆள் இல்லாததால் நான் வருகிற நேரத்துக்குக் காத்திருந்தாள். டீ போட்டு வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஐம்பது வயதை நெருங்குகிற பெண்ணுக்கு அம்மா மடி கேட்கிறது. குறிப்புப் பெட்டியைத் திறந்து 'ஒரு வாரம்' என்பதை அழித்துவிட்டு 'பார்க்கலாம்' என்று எழுதினேன். அலுவலகத்தில் யாராவது அப்படி எழுதியிருந்தால் தொலைந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் போனில் சின்னவளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். உள்ளங்கை அளவுத் திரையில் உதட்டைத் தேடித் தேடி ஐந்தாவது நிமிடம் அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "கண்ணு வலிக்குது. கம்ப்யூட்டர் சரியாகட்டும்" என்றாள். சின்னவள் எனக்குச் செய்தி அனுப்பினாள்: 'அக்கா, ஊர் நெட்வொர்க்கெல்லாம் சரி பண்ற, நம்ம வீட்டுது முடியலையா?'

அது சுருக்கென்று தைத்தது. என் திறமைமேல் பழி விழக் கூடாது அல்லவா? உடனே நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். அம்மா எதிரில் உட்கார்ந்து, அவளுக்குப் புரியும்படி உதட்டை நன்றாக அசைத்துக் கத்தினேன். "உங்க ஆளுங்களுக்கு வேலை தெரியலேன்னா தெரிஞ்ச ஆள அனுப்புங்க! காது கேக்காத ஒரு அம்மா இங்க பொண்ணு முகத்த பாக்க முடியாம உக்காந்திருக்காங்க!" அம்மாவின் கண் கலங்கிவிட்டது. எனக்காகப் பரிந்து பேசுகிறாளே என்று நினைத்திருப்பாள்.

நெட்காரர் வந்தார். நடுத்தர வயது, தோளில் ஏணி, சட்டையில் வியர்வைப் பூ. "கம்ப்யூட்டர நான் பாத்துட்டேன். நானும் இதே ஃபீல்டுதான். உங்க லைன்லதான் குறை" என்று அவரைத் தெருவுக்கே திருப்பி அனுப்பினேன். உச்சி வெயிலில் கம்பத்தில் ஏறி இறங்கினார். அடுத்த வாரம் மறுபடி வந்து, கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் வயரையே புதிதாக மாற்றினார். இரண்டு முறையும் அவர் நீட்டிய தாளில் 'தீரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விதி போட்ட இருபத்தாறாவது நாள் வெளியே ஒரு பயிற்சி வகுப்பு, மூன்றரை மணிக்கே முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் வாசலில் நெட்காரரின் செருப்பு. உள்ளே அவர் கம்ப்யூட்டர் முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அம்மா. கையில் டார்ச்.

"மணி பல்பு எரிஞ்சுது. பாத்தா தம்பி நிக்கறாரு. நீ இல்லேன்னாலும் பரவால்ல, பாத்துடுங்கன்னுட்டேன்" என்றாள் அம்மா, பெரிய காரியம் சாதித்த சந்தோஷத்தில். அவள் தலை வாரியிருந்தாள். வெளியே போகும்போது கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். ஏன் என்று யோசித்தபோது மணி மூன்று நாற்பது என்பது கண்ணில் பட்டது. நான்கு மணிக்குத் தயாராகியிருக்கிறாள். இருபத்தாறு நாளும் தயாராகியிருக்கிறாள். நான் ஆறு மணிக்கு மேல் வருகிறவள், அதைப் பார்த்ததே இல்லை.

"கம்ப்யூட்டர ஏன் தொட்டீங்க? லைனத்தானே பாக்கணும்?" என்றேன்.

நெட்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "லைன் சுத்தமா இருக்கு மேடம். வேகமும் நல்லா வருது. மத்த எல்லாம் திறக்குது, இது ஒண்ணுதான் திறக்கல. மூணாவது தடவையா வரேன். இன்னிக்கும் 'தீரல'ன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா என்னை வேலையிலேருந்து நிறுத்தி வெச்சிடுவாங்க."

"தீந்துடுச்சுன்னே எழுதித் தரேன். நீங்க கிளம்புங்க."

"தீராம எப்படி மேடம்?"

எனக்கு வாய்த்த ஆளும் என்னைப் போலவே சட்டம் பேசுகிற ஆள்.

அதற்குள் அம்மா அவர் கையைத் தட்டி, மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். "தம்பி, இதப் பாருங்க, ஏதாவது உபயோகமா இருக்குமான்னு. தப்பு என் மேலதான். கடைசியா பேசின அன்னிக்கு ஏதோ ஒரு பெட்டி வந்துது. என்னன்னு படிக்காமலேயே சரின்னு அமுக்கிட்டேன். மறுநாள்லேருந்துதான் இப்படி. இவகிட்ட சொல்லல. சொன்னா திட்டுவா."

அந்தத் தாளை நான் வாங்கிப் பார்த்தேன். தேதி, தேதியாகக் கீழே இறங்கியிருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அம்மாவின் நடுங்குகிற எழுத்து. 'நாலு மணி. வரல.' 'அணைத்துப் போட்டேன். வரல.' 'எட்டு தடவை. வரல.' 'கும்பிட்டுவிட்டுப் போட்டேன். வரல.' எல்லாத் தேதியும் இருந்தது, ஒரு நாள்கூட விடவில்லை. பதிவேடு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் அலுவலகத்தில் சொல்வேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். தாளை மடித்து அம்மாவிடமே கொடுத்தேன்.

நெட்காரர் ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைத்தார். சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்று பச்சையாகியது. திரும்பப் போட்டார். இணைப்பு இல்லை. "ஆஹா" என்று சொல்லிக்கொண்டு வெளியே போகிறவற்றுக்கான விதிப் பட்டியலைத் திறந்தார். நீளப் பட்டியல், எல்லாம் பச்சை. அவர் உருட்டிக்கொண்டே போனார். எனக்குத் தெரியும் அது எந்த வரிசையில் இருக்கிறது என்று. நான்கு வரி, மூன்று வரி, இரண்டு வரி. ஒரே ஒரு சிவப்பு வந்தது. அதைத் தட்டினார். பெட்டி திறந்தது.

அவர் படித்தார். கழுத்து அசையாமல் நின்றது. இன்னொரு முறை மேலிருந்து கீழே படித்தார். பிறகு நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவர் பார்த்தது, கம்பத்தில் ஏறினது, வயர் மாற்றினது எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்க்கிற பார்வை. தரையில் பதித்திருந்த கற்களில் ஒன்றில் விரிசல் இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

"என்ன தம்பி? கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள் அம்மா. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்த எழுத்தைப் படிக்க முடியாது, கண்ணாடி மேஜைமேல் இருந்தது.

அவர் அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பி நிதானமாகச் சொன்னார். "மேடம் சொல்லுவாங்கம்மா."

டாக்டர் சொல்வதையும் வங்கியில் சொல்வதையும் அம்மாவுக்கு எடுத்துச் சொல்கிறவள் நான்தான். அம்மா வழக்கம்போல என் வாயைப் பார்த்தாள். "என்னவாம்? நான் அமுக்கினதாலதானே?"

ஒரு தலையசைப்பு போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். அவளே குற்றத்தை ஏற்றுக்கொண்டு கையில் எடுத்து நீட்டுகிறாள், வாங்கிக்கொண்டால் முடிந்தது. மனதறிந்து சொல்கிறேன், என் தலை பாதி அசைந்தது. அதற்கு மேல் அசைக்க நெட்காரரின் கண் விடவில்லை. அவர் இல்லாதிருந்தால் அசைத்திருப்பேன்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "நான்தான் பண்ணேன்" என்றேன்.

சொல்லியாகிவிட்டது என்று ஒரு மூச்சு வந்தது. நெட்காரருக்குக் கேட்டது, ஜன்னலுக்குக் கேட்டது.

"மூஞ்சிய இந்தப் பக்கம் காட்டிச் சொல்லு" என்றாள் அம்மா.

திரும்பினேன். அம்மா ஸ்டூலில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, கண்ணைக் குறுக்கி, என் உதட்டுக்காகக் காத்திருந்தாள். அவளுக்குப் புரிய வேண்டுமென்றால் மெதுவாகச் சொல்ல வேண்டும். அசிங்கமான விஷயத்தை வேகமாகச் சொல்லிவிட்டால் பாதி அசிங்கம் குறையும் போலிருக்கிறது. எனக்கு அந்த வசதி இல்லை.

"நான்தான் நிறுத்தி வெச்சேன். நீ என்னப் பத்தி அவகிட்ட சொன்னத கேட்டேன். கோவத்துல நிறுத்திட்டேன்."

அம்மா என் உதட்டையே பார்த்தாள். நான் வாயை மூடிய பிறகும் பார்த்தாள்.

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்து."

"நான் அமுக்கினதால இல்லையா?"

"இல்லம்மா."

"நீ மேஜைக்கு அடியில போய் பாத்தியே, நான் டார்ச் பிடிச்சேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அம்மா கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தாள். அது இன்னமும் எரிந்துகொண்டிருந்தது. அணைத்து, மேஜைமேல் வைத்தாள்.

நெட்காரர் எழுந்து நாற்காலியை எனக்காக நகர்த்தினார். "நீங்களே எடுத்துடுங்க மேடம். நான் எடுக்கறது நல்லா இருக்காது." உட்கார்ந்து விதியை அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் ஒருமுறை கேட்டது. அவர் தன் தாளை நீட்டினார். 'தீர்ந்தது' என்ற கட்டத்தில் குறி போட்டேன். அதன் கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம். அங்கே, 'லைனில் குறை இல்லை. மூன்று முறை வந்தவர் மேலும் குறை இல்லை. வீட்டில் நான் வேண்டுமென்றே தடுத்து வைத்திருந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செருப்பைப் போட்ட பிறகு திரும்பி வந்து, அம்மாவுக்கு நேராக நின்று, "போயிட்டு வரேம்மா" என்றார். மூன்று தடவை வந்த ஆளுக்கே தெரிந்திருக்கிறது அம்மாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்று.

நான்கு மணிக்குக் கம்ப்யூட்டரில் அழைப்பு மணி அடித்தது. நான் எழுந்துகொண்டேன், அம்மா உட்கார்ந்தாள். திரை நிறையச் சின்னவள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு அம்மாவுக்கு வாய் தெரியாதே என்று கையை எடுத்தாள்.

"அம்மா! எத்தன நாளாச்சு! என்னதாம்மா ஆச்சு?"

நான் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். இதோ வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சொல்லட்டும், உரக்கச் சொல்லட்டும், தெருவுக்கே கேட்கட்டும்.

"நெட் சரியில்லடி" என்றாள் அம்மா. "அக்கா சரி பண்ணிட்டா."

என் பொய்யை, ஒரு எழுத்து மாற்றாமல். கூடவே எனக்குப் பாராட்டு வேறு. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அதன்பிறகு அம்மா சின்னவளின் உடம்பைக் கேட்டாள், வேலையைக் கேட்டாள், முடியை ஏன் இவ்வளவு குட்டையாக வெட்டினாய் என்று கேட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா திரும்பிப் பார்க்காவிட்டால் நான் பேசுவதற்கு உலகத்தில் இடமே இல்லை. இத்தனை வருடம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அவளுக்கு இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"மன்னிச்சிடும்மா" என்றேன், அவள் கொண்டையைப் பார்த்து. அம்மா முடி வெட்டினதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். "மன்னிச்சிடும்மா" என்றேன் மறுபடி. மூன்றாவது முறை சொன்னபோது அழுகை வந்துவிட்டது. கேட்காத காதுக்கு முன்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கலாம், தைரியம் தேவையில்லை.

திரையில் சின்னவள் சிரிப்பதை நிறுத்தினாள். அவள் கண் அம்மாவைத் தாண்டி மேலே வந்தது.

"அக்கா? எதுக்கு மன்னிப்பு கேக்கற?"

மைக்கை மறந்துவிட்டேன். தினமும் முந்நூறு கம்ப்யூட்டரைக் காவல் காக்கிறவள், எதிரில் இருந்த மைக்கை மறந்துவிட்டேன்.

அம்மா சின்னவளின் உதட்டைப் படித்துவிட்டாள். மெதுவாக நாற்காலியில் திரும்பி, சின்னவள் திரையில் வந்த பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தாள். என் கன்னத்தில் வழிந்ததையும் பார்த்திருப்பாள்.

"மன்னிப்பு கேட்டியா?"

தலையாட்டினேன்.

"எத்தன தடவ?"

மூன்று விரல் காட்டினேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள். காலால் ஸ்டூலைத் தனக்கும் திரைக்கும் நடுவே தள்ளினாள். "எதிர்ல உக்காந்து சொல்லு. அவளும் பாக்கட்டும்."

மேஜைமேல் கிடந்த அவளுடைய கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அவள் மாட்டிக்கொள்ளும் வரை காத்திருந்தேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் என் வாய் தெரிகிற மாதிரி நகர்ந்துகொண்டேன்.